பவளத் தொட்டிக்கு எத்தனை அடி, எத்தனை வாட்?

"அண்ணே, 100 வாட் லைட் போதுமா?"

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "எதுக்குப் போதுமான்னு சொல்லு மக்கா" என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது. தொட்டி எத்தனை அடி என்று முடிவாகியிருக்காது, உள்ளே என்ன வளரப்போகிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். லைட்டை மட்டும் ஆன்லைனில் பார்த்து வைத்திருப்பார்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கண்ணாடி வெட்டித் தொட்டி ஒட்டுவது என் தொழில். நன்னீர்த் தொட்டிதான் அதிகம் போகும். பவளத் தொட்டி கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவேன். அதில் தவறினால் பணத்தோடு உயிரும் சேர்ந்து போகிறது. இந்த மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. குளிர்நாட்டில் தொட்டி வைத்திருப்பவர் வீடியோவில் சொல்வதை இங்கே அப்படியே செய்ய முடியாது. ஒரு வல்லிய லைட்டைக் காசு கொடுத்து யாரும் வாங்கிவிடலாம். அது தருகிற சூட்டையும், பம்பு தருகிற சூட்டையும், சித்திரை மாதத்து அறைச் சூட்டையும் சேர்த்துத் தண்ணீர் தாங்குமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. எந்தப் பவளம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு எவ்வளவு ஒளி வேண்டும், எவ்வளவு ஆழம் வரை வேண்டும் என்று அடுத்ததாகப் பாருங்கள். அந்த ஆழத்தை வைத்துத் தொட்டி. லைட் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எந்தப் பவளம்

பவளம் என்றதும் கிளை கிளையாக நிற்கும் அக்ரோபோராவும், விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் டார்ச், ஹாமரும்தான் எல்லோர் மனதிலும் இருக்கும். இவை எல்லாம் சுண்ணாம்புக் கூடு கட்டும் கடினப் பவளங்கள். டார்ச்சும் ஹாமரும் பார்க்க மெத்தென்று இருந்தாலும் அடியில் கல் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதே அட்டவணைதான். யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வலையில் தானாக வந்தது, கரையில் ஒதுங்கிக் கிடந்தது, செத்துக் காய்ந்த துண்டு என்று எந்தச் சமாதானமும் செல்லாது. முட்டத்திலோ சின்னமுட்டத்திலோ தெரிந்த மீனவரிடம் "ஒரு கல்லு கொண்டு வா" என்று சொல்லிவைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மாட்டுவது அவரும்தான்.

கடினப் பவளத்துக்கென்று கேட்டால் நான் தொட்டி செய்து தருவதில்லை. கல் கூடு இல்லாத மென்பவளங்களான மஷ்ரூம், சோவா, லெதர் ஆகிய மூன்றை நம்பித்தான் அளவு சொல்லுவேன். இந்த மூன்றின் பெயரும் மேலே சொன்ன பட்டியலில் இல்லை. ஆனாலும் வளர்ப்பில் பெருக்கிய துண்டுதான் வேண்டும், பில்லும் வேண்டும். பில் தராத இடத்தில் வாங்காதீர்கள். மனதில் சந்தேகம் இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே நாகர்கோவிலில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடலாம்.

இந்த மூன்றும் நம் ஊருக்குப் பொருந்தியவை. குறைந்த ஒளியில் வாழும், கால்சியம் மருந்து தனியாகக் கலக்க வேண்டாம், தண்ணீர் மாற்றுவதே போதும். சோவாவைக் கையாளும்போது மட்டும் கவனம். சில சோவாக்களின் உடம்பில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ சுரண்டவோ கூடாது. அவை ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. அந்த ஆவி வீட்டில் உள்ளவர்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒளியின் அளவு வாட்டில் இல்லை

பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் சமைத்து மிஞ்சுவதைத்தான் பவளம் தின்கிறது. அந்தப் பாசி பயன்படுத்தும் ஒளியை 'பார்' (PAR) என்ற அளவில் சொல்லுவார்கள். உச்சி வெயிலில் வெளியே அளந்தால் 2000க்குப் பக்கம் காட்டும். மஷ்ரூமுக்கு 50 போதும், 80க்கு மேல் ஏற்ற வேண்டாம். சோவாவுக்கு 80 முதல் 150. லெதருக்கு 100 முதல் 150, பழகிவிட்டால் கொஞ்சம் கூடுதலாகவும் தாங்கும். அக்ரோபோரா மாதிரி கடினப் பவளங்களுக்குத்தான் 200 முதல் 350 வரை வேண்டியிருக்கும். விலையுயர்ந்த லைட்டுகள் பலவும் அந்த அளவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நமக்கு அதில் பாதி போதும்.

வாட் என்பது லைட் தின்கிற மின்சாரம். அதில் எவ்வளவு ஒளியாகிறது, அந்த ஒளி எங்கே விழுகிறது என்பதை வாட் சொல்லாது. செல்போனில் லக்ஸ் அளக்கும் ஆப் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக ஏற்பட்ட அளவு, பச்சையைக் கூட்டியும் நீலத்தைக் குறைத்தும் காட்டும். பவள லைட்டில் முக்கால்வாசி நீலம்தான். ஆகவே அந்த எண்ணை நம்ப முடியாது. பார் மீட்டர் விலை அதிகம். தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொள்வது நல்லது. அது முடியாதென்றால், எந்த இடத்தில் எத்தனை பார் விழும் என்று காட்டி லைட் கம்பெனி வெளியிடும் படத்தைப் பாருங்கள். பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். காற்றில் அளந்ததா, தண்ணீருக்குள் அளந்ததா? லைட் எவ்வளவு உயரத்தில் இருந்தது? நடுவில் உள்ள எண்ணை மட்டும் போட்டிருக்கிறார்களா, ஓரத்து எண்ணும் இருக்கிறதா? ஓரத்து எண் இல்லாத படத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஆழத்துக்கு வருவோம். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கும், நீலத்தைக் கடைசி வரை விடும். ஒன்றரை அடித் தொட்டியில் நிறம் அவ்வளவாக மாறாது. ஒளி பரவிப் போவதுதான் அங்கே பெரிய நஷ்டம். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே லைட்டைத் தொங்கவிட்டால், 20 செ.மீ. ஆழத்தில் கிடைக்கிற ஒளி 45 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடும். தொட்டியை இரண்டு அடி உயரமாகச் செய்து அடித்தரைக்கும் போதுமான ஒளி வேண்டுமென்றால், லைட்டின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மேலே இருக்கிற பவளம் வெளுக்கும், தண்ணீரும் சூடாகும். உயரமான தொட்டி பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஆகும் வெளிச்சச் செலவும், அடியில் விழுந்ததை எடுக்கக் கை எட்டாமல் படும் பாடும் பிறகுதான் தெரியும்.

தொட்டியின் அளவு

அடியை 30 செ.மீ. என்று வைத்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 2க்கு 1க்கு 1 அடித் தொட்டி 54 லிட்டர். 3க்கு ஒன்றரைக்கு ஒன்றரை 182 லிட்டர். 3க்கு 2க்கு ஒன்றரை 243 லிட்டர். 4க்கு 2க்கு 2 அடி 432 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் இதில் ஆறில் ஒரு பங்கு குறையும்.

நான் சிபாரிசு செய்வது 3க்கு 2க்கு ஒன்றரை. முன்பின் அகலம் இரண்டடி இருந்தால் கல்லைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் நடுவில் மேடாக வைக்கலாம், சுற்றிலும் தண்ணீர் ஓடும், பின்பக்கம் அழுக்கு தங்காது. மேற்பரப்பு விரிந்திருப்பதால் காற்றுக் கலப்பும் நன்றாக இருக்கும், ஆவியாகிக் குளிர்வதும் அதிகம். உயரம் ஒன்றரை அடிக்குள் நின்றுவிடுவதால் அளவான லைட்டே அடிவரை எட்டும்.

சின்னதாக வைத்துப் பழகிக்கொள்கிறேன் என்று 2 அடித் தொட்டி கேட்பார்கள். செலவு குறையும் என்பது சரி, பழகுவது சுலபம் என்பது சரியில்லை. சின்னத் தொட்டியில் 45 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். ஃபேன் போட்டால் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டுமே போகும். மூன்று நாள் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், ஆயிரத்துக்கு 35ஆக இருந்த உப்பளவு 37.5 ஆகியிருக்கும். 200 லிட்டர் நிற்கும் தொட்டியில் நாளுக்கு மூன்று லிட்டர் போனாலும் அதே மூன்று நாளில் 36.6தான். கீழே ஒரு சம்ப், அதாவது தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி, வைத்தால் இன்னும் குறையும். ஒரு நத்தை செத்து அழுகினாலும் இதே கதைதான், பெரிய தண்ணீர் தாங்கிக்கொள்ளும். நத்தையைத் தேடி எடுக்க ஒரு நாளாவது அவகாசம் கிடைக்கும்.

4 அடிக்கு மேல் போக நினைப்பவர்கள் எடையைப் பாருங்கள். 3 அடித் தொட்டிக்கே தண்ணீர் 205 கிலோ, கண்ணாடி 50, கல்லும் மணலும் 35, ஸ்டாண்டும் சம்பும் 80 என்று 370 கிலோ வந்துவிடும். அது அரை சதுர மீட்டர் இடத்தில் நிற்கிறது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்றுதான் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். கீழ்த்தளத்தில் மண்மேல் போட்ட தரை என்றால் பயமில்லை. மாடியில் என்றால் பீம் ஓடுகிற இடத்தில், சுமை தாங்கும் சுவரை ஒட்டி, ஸ்டாண்டின் நீளப்பக்கம் சுவரோடு சேர்ந்திருக்க வேண்டும். 4 அடித் தொட்டி 650 கிலோவைத் தாண்டும். அதை மாடியில் வைக்க நான் சம்மதிப்பதில்லை. கட்டிய இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம்.

ஸ்டாண்டுக்கு நம் ஊர் அயினி மரம் அருமையானது. ஈரம் பட்டாலும் அசையாது. ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம், உப்புத்தண்ணீர் சொட்டும் இடத்தில் பூசணம் பிடித்து உப்பிவிடும். இரும்பு ஸ்டாண்ட் என்றால் எபாக்ஸி பெயின்ட் இரண்டு கோட், வெல்டிங் இணைப்புகளில் மூன்று கோட்.

கண்ணாடி 3 அடித் தொட்டிக்கு 10 எம்எம், அடித்தட்டு 12 எம்எம். 4க்கு 2க்கு 2 என்றால் எல்லாமே 12. வாங்கப் போகும்போது ஒரு டார்ச் லைட் கொண்டு போங்கள். ஒட்டுகளின் மேல் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நல்ல ஒட்டு கீழிருந்து மேல் வரை ஒரே கருப்பாகவோ ஒரே தெளிவாகவோ தெரியும். நடுவில் வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னினால் அங்கே காற்றுக்குமிழ் இருக்கிறது. ஒன்றிரண்டு தனிக் குமிழ் பரவாயில்லை. குமிழ்கள் வரிசையாக விளிம்பு வரை போனால் அந்த வழியாகத்தான் ஒருநாள் தண்ணீர் வரும். மூலைமட்டம் வைத்து நாலு மூலையும் பாருங்கள். ஒட்டி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். முகர்ந்தால் வினிகர் வாடை அடித்தால் சிலிக்கான் இன்னும் முழுசாகக் காயவில்லை. பூசணத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் கூடவே கூடாது, என்ன பயன்படுத்தினார் என்று ஒட்டியவரிடம் கேளுங்கள். அவர் டியூபை எடுத்துக் காட்டட்டும்.

வீட்டில் இறக்கியதும் ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் பார்த்து, கீழே தெர்மோகோல் விரித்து, நன்னீர் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உப்புத்தண்ணீர் அதன் பிறகு.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று தோன்றும். மணக்குடியில் பழையாறும், தேங்காப்பட்டணத்தில் குழித்துறை தாமிரபரணியும் கடலில் சேருகின்றன. அந்த முகத்துவாரங்களுக்கு அருகே மழைக்காலத்தில் உப்பளவு இறங்கிவிடும், ஊர் அழுக்கும் சேர்ந்து வரும். படகுத் துறைமுகத்துக்குள் டீசல் மிதக்கும். எனக்கு விருப்பம், கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உப்பை ஆர்ஓ தண்ணீரில் கலப்பதுதான். லிட்டருக்கு சுமார் 38 கிராம், 200 லிட்டருக்கு ஏழரை கிலோ ஆகும். கடற்கரை மணலை மட்டும் கொண்டுவந்து போடாதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்திருக்கும். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அந்தக் கருமணல் ஒட்டிக்கொண்டு, துடைக்கத் துடைக்கக் கண்ணாடி முழுக்கக் கீறிவிடும். கீறிய கண்ணாடிகள் பழுது பார்க்க என்னிடம் வருகின்றன, ஒன்றும் செய்ய முடியாது. அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல் ஒரு அங்குலம் விரித்தால் போதும். கல்லும் செயற்கைக் கல்லாக இருக்கட்டும்.

சூடு

மென்பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். 28 வரை பொறுத்துக்கொள்ளும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் உள்ளே குடியிருக்கும் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 2010இலும் 2016இலும் கோடைச் சூட்டில் இப்படித்தான் பரவலாக வெளுத்தன. கடலுக்கே அந்த நிலை. நாலு சுவருக்குள் இருக்கும் 200 லிட்டர் எம்மாத்திரம்?

கணக்காகவே பார்க்கலாம். 100 வாட் லைட் 9 மணி நேரம் எரிந்தால் 0.9 யூனிட். அந்தச் சூடு முழுவதும் தண்ணீரிலேயே தங்கினால் 200 லிட்டர் சுமார் 4 டிகிரி ஏறும். பெரும்பகுதி காற்றில் போய்விடும் என்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது. பம்புகளை மறந்துவிடுகிறார்கள். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பும், தொட்டிக்குள் தண்ணீரை ஓட்டும் வேவ்மேக்கரும் சேர்ந்து 40 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 0.96 யூனிட், லைட்டை விட ஒரு துளி கூடுதல். அதுவும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து சூடாகிறது. டிசி பம்பு வாங்கினால் இதில் பாதி குறையும். குளிர்ச்சிக்குச் செலவழிக்க நினைக்கிற காசில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

ஃபேன் நல்ல கருவி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டைத் தன்னோடு எடுத்துப் போகிறது. மூன்று லிட்டர் ஆவியானால் லைட், பம்பு இரண்டின் சூடும் ஈடாகிவிடும். ஆனால் இது ஊருக்கு ஊர் மாறும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடியில் வீசுகிற உலர்காற்றுக்கு ஃபேன் அபாரமாக வேலை செய்யும், டாப்-அப் தண்ணீர் ஊற்றி மாளாது. குளச்சல், அதை ஒட்டிய கரை ஊர்கள், மழைக்கால மார்த்தாண்டம் என்றால் காற்றே ஈரமாக இருக்கும், ஃபேன் ஓடியும் பெரிதாக இறங்காது. அங்கே சித்திரை, வைகாசிக்கு சில்லர் என்கிற, தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் வேண்டியிருக்கும், அல்லது தொட்டி இருக்கிற அறையில் ஏசி. ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மேற்குச் சுவரைத் தவிருங்கள், ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தையும் தவிருங்கள். ஓட்டு வீட்டின் உள்ளறை அருமையான இடம். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறை, சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தாலும் தளம் சுடும். தொட்டியை மேலே முழுசாகக் கண்ணாடி போட்டு மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். மீன் குதிக்காமல் இருக்க வலை மூடி போதும்.

லைட் வாங்கும்போது

மெட்டல் ஹாலைடு லைட்டில் தண்ணீர் அலையின் நிழல் அடித்தரையில் ஓடும் அழகு வேறெதிலும் இல்லை. ஆனால் 250 வாட் ஹாலைடு ஒன்று இரண்டு மாதத்தில் 135 யூனிட் தின்னும், அந்தச் சூட்டை வெளியேற்ற சில்லரும் தனியாகத் தின்னும். நம் மாவட்டத்துக்கு அது வேண்டாம். டி5 டியூப் ஒளியை ஒரே சீராகப் பரப்பும், லெதருக்கு மிக நல்லது. வருடத்துக்கு ஒருமுறை டியூப் மாற்ற வேண்டும், மாற்று டியூப் நம்மூர்ப் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஆகவே எல்இடி.

என் கைக்கணக்கு, மென்பவளத்துக்குச் சதுர அடிக்கு 15 வாட். 3க்கு 2 அடித் தொட்டிக்கு ஆறு சதுர அடி, 90 வாட். 100 வாட்டில் ஒரே லைட் வாங்குவதை விட 50 வாட்டில் இரண்டு வாங்குங்கள். சதுரமான சின்ன லைட் ஒன்று இரண்டடிக்கு இரண்டடி இடத்தைத்தான் சரியாக நனைக்கும். ஒரே லைட்டை நடுவில் தொங்கவிட்டால் நடுக்கல்லில் வெயிலும் இரண்டு ஓரத்திலும் இருட்டுமாக இருக்கும். இரண்டு இருந்தால் ஒன்றின் நிழலை மற்றது தீர்க்கும், ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். லென்ஸ் 90 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கட்டும். 60 டிகிரி லென்ஸ் ஆழமான தொட்டிக்கானது.

நிறத்துக்கு வந்தால், 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ அதிகமாகவும், 420 வயலெட் கொஞ்சமும், வெள்ளை அளவாகவும் இருக்க வேண்டும். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க வசதி கட்டாயம். செடி வளர்க்கும் லைட்டை 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அதில் சிவப்பு தூக்கலாக இருக்கும், பவளத்தை முந்திக்கொண்டு பச்சைப் பாசி வளரும்.

உப்புக்காற்றை நினைத்து வாங்குங்கள். கடற்கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் வீடு என்றால், ஃபேன் வைத்த லைட்டை விட, முதுகில் அலுமினியச் சிறகு மட்டும் உள்ள ஃபேன் இல்லாத லைட் அதிக நாள் உழைக்கும். ஃபேன் உள்ளே இழுக்கிற உப்பு நேராக சர்க்யூட்டில் போய்ப் படிகிறது. எந்த லைட்டாக இருந்தாலும் வாரம் ஒருமுறை அணைத்து, ஆறியதும், ஆர்ஓ தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸைத் துடையுங்கள். உப்புப் படலம் ஒளியைக் கணிசமாகக் குறைத்துவிடும், தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது.

கரண்ட் வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்கு வருவதற்கு முன்னால் ஒரு தொங்கல் விட்டு வரவேண்டும், வயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தொட்டிக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) ஒன்று போடாமல் தண்ணீருக்குள் கையை விடாதீர்கள். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை எப்படிக் கடத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின் கட்டணத்தையும் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கில் லைட்டுக்கு 54 யூனிட், பம்புகளுக்கு 58. 200 வாட் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இன்னும் 120. வீட்டின் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்படியே மாறிவிடும் என்பதால், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரர்கள் சில்லரைப் பற்றி இருமுறை யோசியுங்கள்.

ஏற்றுவது

தண்ணீர் பழுக்க, அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியா வளர, நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். அதுவரை லைட்டே போட வேண்டாம். பவளம் இல்லாத தொட்டிக்கு வெளிச்சம் கொடுத்தால் பாசிதான் வளரும்.

பவளம் வந்த நாளில் லைட்டை 30 சதவீதத்தில் வையுங்கள், நீலம் கூடுதலாக, வெள்ளை குறைவாக. வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள். மொத்தம் 9 மணி நேரம், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மணி நேரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கட்டும். மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பன்னிரண்டு வரை ஓட்டச் சொல்லுவேன். உச்சிச் சூடும் லைட் சூடும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்காது, வேலை முடிந்து வருகிறவர்களும் பார்க்கலாம். நேரம் தினமும் ஒன்றாக இருப்பதுதான் பவளத்துக்கு முக்கியம். முள் சுற்றுகிற சாதா டைமர் வேண்டாம், கரண்ட் போன நேரம் அது நின்றுவிடும், நாலு நாளில் இரவும் பகலும் இடம் மாறியிருக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பவளமே காட்டும். மஷ்ரூமுக்கு ஒளி சரியாக இருந்தால் தோசை மாதிரி கல்லோடு படிந்து விரிந்து கிடக்கும். ஒளி போதவில்லை என்றால் காம்பை நீட்டி, விளிம்பை மேலே தூக்கிக் கிண்ணம்போல் நிற்கும். ஒளி அதிகமானால் சுருங்கி, ஓரம் உள்மடங்கி, நடு நிறம் வெளிறும். ஒளி பிடிக்காத மஷ்ரூம் சில சமயம் கல்லை விட்டே கழன்று நிழலுக்கு உருண்டு போய்விடும். சோவாவுக்கு ஒளி குறைந்தால் காம்பு நெடுநெடுவென்று நீளும், கூடினால் பகலிலும் மூடியே இருக்கும். லெதர் மட்டும் ஏமாற்றும். வாரக்கணக்கில் மூடிக்கொண்டு மெழுகு பூசியது மாதிரி மினுங்கும். அது தோலுரிக்கிறது. அதைப் பார்த்துப் பதறி லைட்டைத் திருப்பாதீர்கள், அதன்மேல் தண்ணீர் ஓட்டம் நன்றாகப் படும்படி வேவ்மேக்கரைத் திருப்புங்கள்.

ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லைட்டை ஏற்றிய வாரத்தில் உப்பையோ இடத்தையோ மாற்றினால், பவளம் சுருங்கியது எதனால் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மாற்றிய பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். மஷ்ரூமைக் கீழே, சோவாவை நடுவில், லெதரை மேலே என்று வைத்தால் ஒரே லைட் அளவிலேயே மூன்றும் ஒத்துப்போகும். மீன் வேண்டுமென்றால் ஒரு ஜோடி க்ளவுன் மீன் போதும். பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள், அவை தொட்டிக்குப் பழகியவை. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே அலங்காரக் கடல்மீன்களைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

கரண்ட் போனால்

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்த பிறகு, ரப்பர் தோட்டங்களுக்குள் இருக்கிற ஊர்களில் கரண்ட் வரப் பல நாள் ஆனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு நாளை மனதில் வைத்துத் தொட்டியைத் திட்டமிட வேண்டும். பவளம் இரண்டு மூன்று நாள் இருட்டில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கடலில் மேகம் மூடிய நாட்களும் கலங்கிய தண்ணீரும் அதற்குப் பழக்கம். ஆக்சிஜன் நின்றால் மட்டும் சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் இணையுங்கள், அதை மேற்பரப்பு அலையும்படித் திருப்பி வையுங்கள். 150 ஆம்பியர் பேட்டரியில் 10 வாட் வேவ்மேக்கர், வீட்டில் வேறெதுவும் ஓடாவிட்டால், மூன்று நான்கு நாள் ஓடும். அதோடு பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றை ஸ்டாண்டுக்குள் வைத்துவிடுங்கள். மீனவர்கள் இரைமீனை உயிரோடு வைத்திருக்கப் பயன்படுத்துவதே போதும். லைட்டையும் சில்லரையும் இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டாம். கரண்ட் நாலு நாள் கழித்து வந்தால், பழைய அளவுக்கு ஒரேயடியாகப் போகாமல் பாதியில் தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.